சனிக்கு விட்ட சாவி

சங்கரவடிவு புருஷனை விட்டுவிட்டாள். கக்கூஸ் கதவுதான் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

காலையில் எழுந்து 120-ஆம் எண் அறையின் மூலையில் இருந்த அந்தக் கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

"கழிப்பறையில் ஆள் இருக்கிறார்" என்றது சுவருக்குள்ளிருந்து கங்காணி.

"எந்த ஆளு? இங்க நான் ஒருத்திதான இருக்கேன்."

"உங்கள் குடும்பத்தைச் சேர்ந்த செந்தூர்பாண்டி இருக்கிறார்."

செந்தூர்பாண்டி இருந்தது ஐந்து அறை தள்ளி, 125-இல், தன் சொந்தக் கக்கூஸில். உள்ளே போனால் பழைய கிரிக்கெட் ஆட்டம் ஒன்றை டாஸிலிருந்து கோப்பை கொடுக்கிறவரை பார்த்துவிட்டுத்தான் வெளியே வருவான். அதுவரை இங்கே இவள் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நிற்க வேண்டும்.

கதவு மட்டுமல்ல. அவன் குளித்தால் இவள் குழாயில் தண்ணீர் நின்றது. இவள் தலையில் சோப்பு நுரையோடு சுவரைத் திட்டினாள். அவன் விளக்கை அணைத்தால் இங்கே இருட்டியது. அவன் ராத்திரிக்குப் புட்டு கேட்டால் இவள் வீட்டு உணவுக் குழியில் புட்டு வந்து விழுந்தது, இரண்டு பேருக்கு. எட்டு வருஷம் அவனோடு ஒரே அறையில் இருந்தபோதுகூட அவன் இவ்வளவு நெருக்கமாக இருந்ததில்லை.

குலசை வளையம் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு பெரிய சக்கரம். தெற்குக் கடற்கரை ஊர்களிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர்கள் அதில் கீரைத் தொட்டி கழுவினார்கள், குழாய் அடைப்பு எடுத்தார்கள், மேலும் மேலே போகிற கப்பல்களுக்குச் சோறு கட்டிக் கொடுத்தார்கள். காற்று, தண்ணீர், சாப்பாடு, கதவு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்ட கணினிக்குக் கங்காணி என்று பேர் வைத்ததும் அவர்கள்தான். அது யாரையும் அடித்ததில்லை. ஆனால் யார் சொல்வதையும் கேட்டதுமில்லை.

வடிவு நேராகச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனாள். சந்துத் தலைவர் காஜா மைதீன் அங்கே இட்லியைக் கிள்ளிக்கொண்டிருந்தார். அவர் வீட்டு எண் 127. பகா எண். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் வகுபடாது. அந்த மாதிரி எண்ணுள்ள வீட்டுக்காரர்களுக்கு நடையே வேறு மாதிரி இருக்கும். சந்தின் ஒரு முனை 113, மறு முனை 127. இரண்டும் பகா எண்கள். நடுவில் இருந்த பதிமூன்று வீடுகளும் பகு எண்கள், அதாவது வகுபடுகிற ஜென்மங்கள்.

"பாய், இது என்ன கூத்து? நான் அவனை விட்டு வந்தாச்சு. எழுதிக் குடுத்தாச்சு. அவனும் சரின்னு சொல்லியாச்சு."

"என்ன சொன்னான்?"

"'சரி, உப்பு எங்க இருக்கு'ன்னான்."

காஜா மைதீன் இட்லியை வைத்துவிட்டு விரலை நக்கினார். "இங்க பாரும்மா. இந்த வளையத்தைக் கட்டினவன் மகா கஞ்சன். பூட்டுக்கு ஒரே ஒரு வேலைதான் சொல்லிக் குடுத்திருக்கான், வகுக்க. நீ ஒரு சாவி எண்ணைச் சொன்னா, அது தன் கதவு எண்ணை அதால வகுத்துப் பாக்கும். மிச்சம் வரலேன்னா நீ வீட்டுக்காரி. சாவி பகா எண்ணா இருக்கணும். ஒரு சந்துல ஒரு சாவி ஒரு குடும்பத்துக்குத்தான். இவ்வளவுதான் சட்டம்."

"சரி."

"உன் சாவி என்ன?"

"அஞ்சு. அங்க இருந்தப்போ அதான."

"நூத்தி இருபத்தஞ்சை அஞ்சு வகுக்கும். நூத்தி இருபதையும் அஞ்சு வகுக்கும். அப்போ கங்காணி கணக்குல நீ வீட்டை விட்டு வரலை. ரெண்டாவதா ஒரு ரூம்பு போட்டிருக்க."

வடிவு நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அப்போ வேற சாவி குடுங்க."

"நானா குடுக்கேன்? நூத்தி இருபதை வகுக்கிற பகா எண் மூணே மூணு. ரெண்டு, மூணு, அஞ்சு. ரெண்டை 126-ல பவுலின் டீச்சர் வச்சிருக்கு. மூணு 117-ல ரெத்தினத்துக்கிட்ட. அஞ்சு உன் பாண்டிகிட்ட."

"அவனை மாத்தச் சொல்லுங்க."

"அவனுக்கு வேற நாதி ஏது? அஞ்சஞ்சு இருபத்தஞ்சு, இருபத்தஞ்சஞ்சு நூத்தி இருபத்தஞ்சு. எப்படிப் பிச்சாலும் அஞ்சுதான். பாவம், அவன் பிடிவாதத்துக்கு ஏத்த வீடு."

"சாவி பத்தலைன்னா என்ன செய்வீங்க?"

"அதான் இல்லை. எந்தச் சந்துலயும் பத்தாமப் போனதில்லை. ரெண்டு பகா எண்ணுக்கு நடுவுல எத்தனை வீடு வந்தாலும், ஒருத்தர் சாவி இன்னொருத்தருக்கு வராம, ஆளுக்கு ஒண்ணு கிடைச்சிருக்கு. எப்பவும் கிடைக்கும்னு நிரூபிக்க ஒருத்தனாலயும் முடியலை. கிடைக்காத சந்து ஒண்ணைக் கண்டுபிடிச்சுக் காட்டவும் ஒருத்தனாலயும் முடியலை." அவர் மறுபடி இட்லியை எடுத்தார். "கணக்கு இடம் குடுக்கும் தாயி. மனுசன்தான் குடுக்க மாட்டான். வாற வெள்ளி சாவி நாள். அன்னைக்கு மாத்தினா உண்டு. விட்டா இனி மூணு வருசம்."

மூன்று வருஷம். எத்தனை கிரிக்கெட் ஆட்டம் அது என்று எண்ணிப் பார்க்க வடிவுக்குத் தைரியம் வரவில்லை.

*

முதலில் 117-க்குப் போனாள். ரெத்தினம் கைப்பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே வாசலில் நின்றாள்.

"மூணை விட்டுட்டு நீ பதிமூணுக்குப் போயிரேன். 117-ஐ பதிமூணும் வகுக்குமாம். பாய் சொன்னாரு."

"அய்யோ அக்கா, பதிமூணா? ஒண்ணும் மூணும் நாலு. நாலு ராகு. பச்சப்பிள்ளை இருக்க வீட்டுல ராகுவைக் கூட்டி வச்சுக்கிடவா?"

"இதை யாரு சொன்னா?"

"119 அண்ணாச்சி."

அதாவது சுயம்புலிங்கம். கல்யாணம் ஆகாதவர், நெற்றி நிறையத் திருநீறு. எந்த எண்ணைக் கண்டாலும் இலக்கங்களைக் கூட்டி ஒற்றை எண்ணாக்கி, அதற்கு ஒரு கிரகத்தைக் கட்டிவிடுவார். தன் பெயரில் ஒரு எழுத்தை நீட்டி 'சுயம்பூலிங்கம்' என்று கையெழுத்துப் போடுவார். போட்ட பிறகு நன்றாகிவிட்டதாகச் சொல்வார். என்ன நன்றாகியது என்று யாரும் பார்த்ததில்லை. இருந்தாலும் சந்தில் பாதிப் பேர் அவரைக் கேட்காமல் தலைமுடி வெட்டிக்கொள்வதில்லை.

பவுலின் டீச்சரிடம் வேலை எளிதாக முடிந்தது. அவர் ஓய்வுபெற்ற உயிரியல் டீச்சர், விதவை. 126-இல் தனியாக இருந்தார். கட்டைக் குரலில் சர்ச் ஞானப்பாட்டு பாடிக்கொண்டு தினமும் மீன் சாப்பிடுவார். தொட்டியில் வளர்த்த மீன்தான். ஆனால் மசாலா ஊரிலிருந்து வந்தது.

"ஏட்டி, எனக்கு ரெண்டா இருந்தா என்ன, ஏழா இருந்தா என்ன? 126-ஐ ஏழும் வகுக்கும். ஆனா ஏழு அந்தச் சுயம்புகிட்டல்லா இருக்கு?"

"அவரை வகுக்கப் பதினேழும் இருக்கு டீச்சர். அவரு பதினேழுக்குப் போனா நீங்க ஏழுக்குப் போலாம், நான் ரெண்டுக்கு வந்திருவேன்."

"போய்க் கேளு. அதுக்குள்ள நான் மீனை இறக்கி வைக்கேன்."

சுயம்புலிங்கம் கேட்டுக்கொண்டார். கண்ணை மூடினார். உதடு அசைந்தது.

"ஒண்ணும் ஏழும் எட்டு. எட்டு சனி."

"அண்ணாச்சி, நாம அந்தரத்துல தொங்குதோம். சனி கிரகத்துக்குப் போற கப்பல் நம்ம வாசல்லதான் சோறு வாங்கிட்டுப் போகுது."

"அதனாலதாம்மா பயப்படணும். ஊர்ல இருந்தப்போ அவன் தூரத்துல இருந்தான். இப்போ பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி ஆயிட்டான்."

"எனக்கு வாழ்க்கை போகுது அண்ணாச்சி."

"வாழ்க்கை எப்படியும் போகும். சனி வந்தா வெரசாப் போகும்." கதவை மரியாதையாகத்தான் சாத்தினார்.

வடிவு திரும்பி வந்தபோது பவுலின் டீச்சர் சட்டியைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தார். வடிவு நடந்ததைச் சொன்னாள். டீச்சர் கரண்டியைச் சட்டியின் விளிம்பில் தட்டினார்.

"அவர் விடலைன்னா போறார். நான் அவர் ஏழையே எடுத்துக்கிடுதேன்."

"எப்படி?"

"சாவி நாள்ல எல்லா சாவியும் புதுசு. எவரும் எதையும் கேக்கலாம், வகுத்தாச் சரி. இன்னொருத்தர் சாவியைக் கேக்கப்படாதுன்னு நாமளா ஒரு மரியாதை வச்சிருக்கோம், கங்காணி வைக்கலை. நான் ஏழு கேட்டா என்ன ஆகும்?"

வடிவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "நீங்களும் அண்ணாச்சியும் ஒரே குடும்பம் ஆயிருவீங்க."

"அவர் சுத்த சைவம். வெங்காயம் நறுக்கின கத்தியைக் கண்டாக்கூட ரெண்டு தரம் கழுவுவார். அவர் வீட்டுக் குழியில நெத்திலிக் குழம்பு வந்து விழட்டும். நான் காலையில மூணு ஞானப்பாட்டு போடுவேன், அது அவர் சுவத்துலயும் கேக்கட்டும். சாவி நாளுக்கு அப்புறம் மூணு நாள் திருத்தம் உண்டு, யாரும் எடுக்காத சாவிக்கு மாறிக்கிடலாம். ரெண்டாம் நாளே மனுசன் சனி பகவான் காலைப் பிடிச்சுக்கிட்டுப் பதினேழுக்கு ஓடுவார் பாரு."

"ஓடலைன்னா?"

"மீனுக்கும் சனிக்கும் போட்டின்னா மீன்தான் ஜெயிக்கும்" என்றார் பவுலின் டீச்சர்.

அவர் சொன்னது சரிதான். எப்படி ஜெயிக்கும் என்பதில்தான் இருவருமே தப்புப் பண்ணினார்கள்.

*

சாவி நாளில் சாப்பாட்டுக் கூடத்தை ஒதுக்கி எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். சுவரில் கோர்த்த பித்தளை வில்லைகளில் சாவி எண்கள் தொங்கின. கங்காணி சிறிய எண்ணிலிருந்து கூப்பிட்டது. 114 பத்தொன்பது என்றது. 115 இருபத்து மூன்று. ரெத்தினம் மூன்று என்று சொல்லிவிட்டுப் பிள்ளையை அணைத்துக்கொண்டாள்.

"119."

"ஏழு" என்றார் சுயம்புலிங்கம். வில்லையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"120."

வடிவு எழுந்தாள். செந்தூர்பாண்டி இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தான். கெட்டவன் இல்லை. அடித்ததில்லை, குடித்ததில்லை. எட்டு வருஷத்தில் ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்பதைத் தவிர அவளிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை, அவ்வளவுதான். அவளுக்கு என்ன பிடிக்கும், ஏன் அழுகிறாள், இந்தச் சேனலை மாற்றலாமா, எதுவுமே அவனுக்குக் கேட்கத் தோன்றியதில்லை.

"ரெண்டு" என்றாள்.

கூடம் சலசலத்தது. பவுலின் டீச்சரின் இரண்டை இவள் எடுத்துவிட்டாளே என்று எல்லோரும் டீச்சரைப் பார்த்தார்கள். டீச்சர் விட்டத்தைப் பார்த்தார்.

121 பதினொன்று என்றது. 122 அறுபத்தொன்று. செந்தூர்பாண்டி "அஞ்சு" என்றான், வேறு வழியில்லாமல்.

"126."

"ஏழு."

"ஏழு 119-க்குக் கொடுக்கப்பட்டுவிட்டது" என்றது கங்காணி. "ஒரே குடும்பமாகப் பதியட்டுமா?"

"பதி" என்றார் டீச்சர்.

சுயம்புலிங்கம் எழுந்தார். விரல் விட்டு எதையோ கூட்டினார். மறுபடி உட்கார்ந்துவிட்டார். முன்வரிசையில் ஒருத்தர் விசில் அடித்தார். காஜா மைதீன் "ஏ, சும்மா இருங்கப்பா, கல்யாண வீடா இது" என்று அதட்டினார். அதட்டிவிட்டு அவரே சிரித்தார்.

மறுநாள் காலை வடிவு கக்கூஸ் கதவைத் தள்ளினாள். திறந்தது. உள்ளே போய் ஒரு வேலையும் இல்லாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். குழாயைத் திறந்தாள், தண்ணீர் வந்தது. விளக்கை அணைத்தாள், அணைந்தது. போட்டாள், எரிந்தது. இதற்காக ஒருத்தி சந்தோஷப்படுவாள் என்று யாராவது சொல்லியிருந்தால் அவளே நம்பியிருக்க மாட்டாள்.

முதல் நாள் 119-இலிருந்து ஓங்கரிக்கும் சத்தம் வந்தது. ஊதுவத்தி வாசனையும் வந்தது. சாயங்காலம் சுயம்புலிங்கம் உணவுக் குழியை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவுவதைப் பலர் பார்த்தார்கள். 'இன்னும் ஒரு நாள்' என்று டீச்சர் வடிவிடம் கண்ணைக் காட்டினார்.

இரண்டாம் நாள் சத்தம் இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் டீச்சர் 120-இன் கதவைத் தட்டினார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"வடிவு, என் குழம்பு வரலை."

"அப்படின்னா?"

"ரெண்டு பேருக்கு வரும். நான் எடுக்கப் போறதுக்குள்ள மொத்தமும் அந்தப் பக்கக் குழிக்குப் போயிருது. கங்காணியைக் கேட்டேன். 'உங்கள் குடும்பத்தைச் சேர்ந்த சுயம்புலிங்கம் இரண்டு பங்கும் கேட்டு வாங்கினார்'ங்குது."

இரண்டு பேரும் 119-க்குப் போனார்கள். கதவு உடனே திறக்கவில்லை. உள்ளே தட்டு உருளும் சத்தம், குழாய்ச் சத்தம், பிறகு ஒரு இருமல். சுயம்புலிங்கம் வந்தார். நெற்றியில் திருநீறு வழக்கம்போல இருந்தது. மீசையோரத்தில் ஒரு நெத்திலி முள் இருந்தது.

"அண்ணாச்சி, இன்னைக்குத்தான் கடைசி நாள். பதினேழுக்கு மாறலியா?" என்றாள் வடிவு.

"எட்டு சனிம்மா. உனக்குத்தான் சொன்னேனே."

"இங்க மீன் வருதே!"

"என்ன செய்ய, விதி. நானா கேட்டேன்?" பெருமூச்சு விட்டார். பிறகு டீச்சரின் பக்கம் திரும்பி, குரலைத் தணித்து, "நாளைக்குக் குழம்புல கொஞ்சம் மாங்காய் போடச் சொல்லுவீங்களா?" என்றார்.

"முதல்ல மீசையைத் துடைங்க" என்றார் டீச்சர், பள்ளிக்கூடக் குரலில்.

திரும்பி நடக்கும்போது வடிவின் கால் மெதுவாகியது. கணக்கு எளிது. 126-ஐ வகுக்க இரண்டு, மூன்று, ஏழு. மூன்று ரெத்தினத்திடம். ஏழில் சுயம்புலிங்கம் உட்கார்ந்துவிட்டார், கையில் தட்டோடு. மிச்சம் இரண்டு. அது வடிவின் கழுத்தில் தொங்கியது. அவள் அதைக் கழற்றினால் திருத்தம் முடிகிறதற்குள் டீச்சர் தனிக்குடும்பம். சாவி இல்லாதவர்களைக் கங்காணி பழைய சாவியிலேயே போட்டுவிடும், இவள் மறுபடி அஞ்சு.

அவளுக்குத் தர மனசில்லை. அதை அவள் தன்னிடமே மறைத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் வில்லையைக் கழற்றி நீட்டினாள்.

"எடுத்துக்கிடுங்க டீச்சர். உங்க சாவிதான இது."

பவுலின் டீச்சர் வில்லையைப் பார்த்தார். வாங்கிவிடுவார் போலத்தான் இருந்தது. கை பாதிவரை வந்தது.

"எடுத்துட்டா நீ அங்கதான போவ."

"ஆமா."

"அவன் கேப்பானா, வந்துட்டியான்னு?"

வடிவு யோசித்தாள். "கேக்க மாட்டான். உப்பு எங்கன்னு கேப்பான். இத்தனை நாளா அவனுக்கு உப்பு கிடைக்கலை போல, புட்டாவே தின்னான்."

டீச்சர் சிரித்துவிட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "கழுத்துல போடு. போட்டுத் தொலை, நான் மனசு மாறுறதுக்குள்ள. மூணு வருசந்தான. அந்தாளு மீன் தின்னுட்டுப் போறான். பாத்திரம் கழுவ வைக்கேன் பாரு."

அன்று மாலை மணி அடித்தது. திருத்தம் முடிந்தது. காஜா மைதீன் கூடத்தைப் பூட்ட வந்தபோது சுவரில் இரண்டு வில்லைகள் மட்டும் தொங்கின. பதிமூன்றும் பதினேழும். ஒன்று ராகுவுக்கு, ஒன்று சனிக்கு. பதிமூன்று பகு எண் வீட்டுக்கும் ஆளுக்கொரு சாவி போக மிச்சமே இருந்தது. அப்படியிருந்தும் இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரு கக்கூஸைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். "நிரூபிக்க முடியாமப் போனதுல ஆச்சரியமே இல்லை" என்று அவர் விளக்கை அணைத்தார்.

மறுநாள் காலை வடிவு எழுந்து அந்த மூலைக் கதவை நோக்கிப் போனாள். யாரோ வாசல் கதவை வேகமாகத் தட்டினார்கள். திறந்தால் பவுலின் டீச்சர், தோளில் துண்டோடு, காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு.

"அந்த மனுசன் உள்ள போய் பஞ்சாங்கம் பாக்கான்டி. எனக்குக் கதவு திறக்கலை. ஒன் கக்கூஸுக்குப் போய்க்கிடட்டுமா?"

வடிவுக்கும் அவசரம்தான். ஒரு காலில் நின்றாள்.

"போங்க டீச்சர்" என்றாள்.

டீச்சர் உள்ளே ஓடித் தாழ்ப்பாள் போட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் கட்டைக் குரலில் ஞானப்பாட்டு தொடங்கியது. வடிவு சுவரில் சாய்ந்து, காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் மாறவில்லை என்று யாராவது சொன்னால் அவள் சண்டைக்குப் போயிருப்பாள். டீச்சர் கேட்டுவிட்டுத்தான் போனார்.